பத்து மூச்சு

எங்கள் நாடகத்தில் யாரும் கண்ணெதிரே சாவதில்லை.
எங்கள் என்றது தவறு. அவர்கள் நாடகம்.
என்னுடையது பலகை மட்டும்:
நான்கு சக்கரம், ஆட்டுக்கொழுப்பு தடவிய அச்சு,
கதவை இழுக்க ஒரு கயிறு,
தள்ளுவதற்கு என் தோள்.

உள்ளே அலறல் எழுந்ததும் கதவைத் திறந்து
பிணங்களை வெளியே உருட்டிவிட வேண்டும்.
ஏதென்ஸ் அப்போதுதான் அழும்.

அலறலை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.
கொலையுண்ட மன்னன் கத்தி முடித்து
வெங்காயம் கடிப்பான்.
செங்காவியும் காடியும் குழைத்து
வைக்கோல் உடம்பில் ஐந்து காயம் வைப்பேன்.
ஆறாவது கூடாது. கவிஞர் எண்ணுவார்.

இந்த வசந்தத்தில் புதுக் கதை.
மகனைக் கொன்ற மைத்துனனை
எட்டு வருடம் சிரித்த முகமாய்ச் சோறிட்டு வளர்த்து
அரசி வெட்டுகிறாள்.
பாடற்குழு முகமூடிக்குள்ளிருந்து கேட்கிறது:
கொலைக்குக் கணக்கு உண்டா,
கணக்குக்கு முடிவு உண்டா?

என் தம்பி தீசாஸ் லவ்ரியோன் வெள்ளிச் சுரங்கத்தில் செத்தான்.
விளக்கில் எண்ணெய் தீருமுன் மேலே ஏறிவிட்டானாம்.
கங்காணி சிமிலோஸ், சுத்தியல், ஒரே அடி.

வழக்கு நடந்தது. நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.
தம்பியைச் சுரங்கத்துக்கு வாடகைக்கு விட்ட எசமான் தொடுத்தார்,
சேதாரம் கேட்டு.
என்னைச் சாட்சிக்கு அழைக்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது.
அடிமையின் சொல் சபையேற
அவனை முதலில் சக்கரத்தில் கட்டி முறுக்க வேண்டும்;
சட்டம் அப்படி.
எசமான் மறுத்தார். திருவிழா நெருங்கியிருந்தது,
தோள் தேவைப்பட்டது.
நீர்க்கடிகாரம் சொட்டித் தீர்ந்தது.
இருநூறு திராக்மா என்று தீர்ப்பு.

அந்தக் காசில் ஃபிரிகியாவிலிருந்து ஒரு பையனை வாங்கினார்கள்.
அத்தாஸ் என்று பெயர்.
பலகைக்கு இடப்புறம்
என் தம்பியின் விலை நின்று
மூக்கைச் சிந்துகிறது.

இன்று காலை கதவிடுக்கில் பார்த்தேன்.
மூன்றாம் வரிசையில் சிமிலோஸ்.
மடியில் அத்திப்பழம்.
அரசி மகனின் செருப்பை எடுத்து வைத்துக்கொண்டு பாடியபோது
மேலாடை நுனியால் கண் துடைத்தான்.
பாசாங்கில்லை. நிஜமாகவே அழுதான்.
அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வைக்கோல் பிணத்தின் விலாவில் செருகியிருந்த வாள்
மரமல்ல, வெண்கலம்.
மூன்றாம் வரிசைக்கு முப்பது அடி இருக்கும்.

அலறல் வந்தது.
கயிறு கையில்.
இழுக்கவில்லை.

ஒன்று. இரண்டு.
வெங்காயம் வாயிலேயே நின்றுவிட்டது.
அத்தாஸ் என் முழங்கையைக் கிள்ளினான்.
நான்காவதில் குழலூதுபவன் ஊதுவதா வேண்டாமா என்று திணறி
ஊதாமல் விட்டான்.
ஆயிரமாயிரம் பேர்; ஒரு இருமல் இல்லை.
ஏழாவதில் சிமிலோஸ் பாதி எழுந்தான்,
பழங்கள் உருண்டன.
கதவையே பார்த்தான்.
பின்னால் யார் என்று அவனுக்குத் தெரியாது.
இருந்தும் பயந்தான்.
அவனுக்கு நான் கொடுத்தது அது,
என் கையால்.

பத்தாவதில் தள்ளினேன்.
அச்சு கிறீச்சிட்டது. நகரம் ஓவென்று அழுதது.

பரிசு எங்களுக்கே. அவர்களுக்கே.
ஐவிக்கொடி கிரீடம் சாய்ந்த தலையோடு
கவிஞர் பின்கட்டுக்கு வந்தார்.
அந்த மௌனத்தைத்தான் எல்லோரும் பேசுகிறார்களாம்,
எங்கிருந்து பிடித்தீர்கள் என்று கேட்கிறார்களாம்.
என் தோளைத் தட்டினார்:
அடுத்த முறையும் அப்படியே செய்.
பத்து அதிகம்,
எட்டு போதும்.

சரி என்றேன்.
மிச்சம் இரண்டு மூச்சு என்னிடம் இருக்கிறது.
வாளை ஈரத்துணியால் துடைத்தேன்.
செங்காவி காய்ந்துவிட்டால்
லேசில் போகாது.